நிமிர்ந்து நின்ற ஸ்டூல்

"செத்துப்போன ஒபிரியோட தினமும் மத்தியானம் டாமி ஆடுறேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆட்டம்கூட அவனை ஜெயிக்க விட்டதில்லை," என்றார் தவியா.

குமாசி நகரத்துப் பன்டாமாப் பேட்டையில் இதை நம்பக்கூடிய ஜீவன் ஒன்று உண்டென்றால் அது அந்த மாமரத்தடியில் படுத்திருந்த ஆடுதான். அதற்கும் காது கேட்காது. தவியா பழைய தொலைபேசி இலாகாவில் கம்பி இழுத்தவர். இழுத்து இழுத்துக் கைகள் நீண்டு, குனியாமலே செருப்பு வாரை மாட்டிக்கொள்வார். வாய் அந்தக் கைகளைவிட நீளம். ஒரு முறை இடி விழுந்து அறுந்த கம்பியின் இரண்டு முனைகளையும் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கல்யாணப் பேச்சுவார்த்தையை முழுசாக நடத்திக் கொடுத்தாராம். மாப்பிள்ளை வீட்டார் சொன்ன பொய்யெல்லாம் இன்னும் பல்லில் கூசுகிறதாம்.

தோள்பையோடு முற்றத்தில் நுழைந்த பெதியாக்கோ காதில் இந்தப் பெருமை விழுந்தது. நாற்பதைத் தாண்டியவன். பேட்டையில் எந்த வீட்டு வைஃபைக்குச் சளி பிடித்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பேய், சூனியம், கெட்ட கனவு, மாமியார் சாபம் எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரே பெயர்தான்: லூஸ் கனெக்‌ஷன்.

"செத்தவர் எந்தப் பக்கம் உட்காருவார் பெரியவரே? நிழல்லயா, வெயில்லயா?"

"அந்த பெஞ்சுலதான். கொஞ்சம் தள்ளி நில்லு, அவன் மடியில நிக்கிறே."

ஃபுஃபுக் களி இடிக்க மரவள்ளி சீவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மரத்தின் வேரோடு ஆணி அடித்த பழைய பெஞ்சு எதிரே காலியாகக் கிடந்தது. நடுவில் கட்டம் போட்ட டாமிப் பலகை, ஒருவர் காயை மற்றவர் தாண்டி வெட்டக் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள். போன வருஷம் ஒபிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது பாதியில் நின்ற ஆட்டம் அது. தவியா தினமும் அதே கட்டங்களில் அதே காய்களை அடுக்கி உட்கார்ந்துகொள்வார்.

"தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் செத்துட்டான் பாரு, கோழை," என்றார், வெள்ளைக் காய் ஒன்றைத் தடவியபடி. ஏனோ அந்தக் காயை அவர் நகர்த்தவில்லை.

நடையிலிருந்து செர்வா எட்டிப் பார்த்தாள். ஒபிரியின் தங்கை மகள். தாய்மாமன் வளர்த்த பெண், இப்போது தாய்மாமன் அறையிலேயே இருக்கிறாள்.

"பெதியாக்கோ அண்ணா, வாங்க. மூணு மணிக்குப் பரீட்சை."

கணக்காளர் படிப்பின் கடைசித் தாள். வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுத வேண்டும். எங்கோ தூரதேசத்தில் ஓர் அம்மாள் கேமரா வழியாகக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. இணைப்பு ஒரு முறை அறுந்தால் மன்னிப்பு, மறுமுறை அறுந்தால் தாள் ரத்து. போன தடவை அப்படித்தான் ரத்தானது. இந்தத் தடவையும் போனால் முதல் தாளிலிருந்து மொத்தப் படிப்பையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அக்ராவில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலை காத்திருக்காது.

"எப்போ அறுந்து போகுது?"

"மத்தியானம்தான். காலையில ஆறு மாதிரி ஓடுது. சாப்பாட்டு நேரம் தாண்டினா வருது, போகுது, வருது, போகுது."

"போன்லயும் அப்படியா?"

"போன்லயும்தான்."

"அப்போ உன் லேப்டாப் பாதிக் குற்றவாளிதான். மீதிய நான் பிடிக்கிறேன்."

அறையில் ஜன்னல் கண்ணாடிப் பட்டைகள் பாதி மூடியிருந்தன. மழைக்கு முந்திய புழுக்கம். ஒரு பக்கம் மேஜை, நாற்காலி. எதிர்ச்சுவரில் ஒபிரியின் படம். படத்தின் கீழே, ஒரே மரத்தில் குடைந்து வளைத்த அவருடைய ஸ்டூல். அதன் மேல் ரவுட்டர் பெட்டி பச்சைக் கண்களைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டிக்கு நல்ல ஆசனம் கொடுத்திருக்கே."

"ஒயர் அதுக்கு மேல எட்டலண்ணா."

பெதியாக்கோ வேலையில் இறங்கினான். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று லேப்டாப் தன் வைஃபையைத் தானே தூங்க வைத்துக்கொண்டிருந்தது; அந்தத் தூக்கத்தைக் கெடுத்தான். பழைய டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதியது போட்டான். அக்கம்பக்கத்து வைஃபையெல்லாம் ஒரே அலைவரிசையில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. இவளுடையதை ஆளில்லாத வரிசைக்கு மாற்றினான். கடைசியில் ஒயரை ஒட்டு போட்டு நீட்டி, பெட்டியை ஸ்டூலிலிருந்து எடுத்து, சற்று மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டினான்.

செர்வா தண்ணீர்ப் பாக்கெட் வாங்கக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"ஸ்டூலைச் சாய்ச்சு வெச்சுடுங்கண்ணா. மேல பெட்டி இருந்ததாலதான் நிமிர்த்தி வெச்சிருந்தேன். வெறும் ஸ்டூலை அப்படி விடக் கூடாது."

"சரி சரி."

அந்த ஊரில் ஸ்டூலை விட்டு எழுந்தவர்கள் அதை ஒருக்களித்துச் சாய்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்கள். காலியாக நிமிர்ந்து நிற்கும் ஸ்டூல் ஓர் அழைப்பு. யாரை அழைத்தோம் என்று அப்புறம் கேட்டுப் பயனில்லை. பெதியாக்கோவின் அம்மாவும் அவனுக்கு அதைச் சொல்லித்தான் வளர்த்தாள். அவன் கடையில் எல்லா ஸ்டூலும் வேண்டுமென்றே நிமிர்ந்தே நிற்கும்.

இதையும் அப்படியே விட்டான்.

மேஜையில் உட்கார்ந்து, அலையின் வலுவைக் கோடாகப் போட்டுக் காட்டும் ஆப்பைத் திறந்தான். கோடு உச்சியில், அசையாமல், துணி காயப்போடக் கட்டிய கயிறு மாதிரி நீண்டது. தன் கைத்திறனை எண்ணிச் சிரித்துக்கொண்டான்.

கோடு தாழ்ந்தது. எழுந்தது. மறுபடி தாழ்ந்தது.

சிரிப்பு நின்றது. அவனுக்கு அந்தச் சரிவு பழக்கமான சரிவு. சுவர் மறைத்தால் அலை ஒரேயடியாக மங்கிக் கிடக்கும். மின் கோளாறென்றால் கோடு பல் பல்லாக உடையும். இப்படி மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏறுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு. பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஓர் ஆள் நடந்துபோக வேண்டும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.

நடுவே யாரும் இல்லை.

கோடு இறங்கியது, ஏறியது. யாரோ அறையின் அகலத்தை அளப்பதுபோல, அவசரமில்லாமல், போய் வந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு கோடு இறங்கியது, ஏறவில்லை.

அதே சமயம் சுவரோரம் மரம் ஒன்று மெல்ல முனகியது.

பெதியாக்கோ லேப்டாப்பை இரண்டு கைகளிலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு எழுந்தான். ஸ்டூலின் எதிரே நின்று இடப்பக்கம் நகர்த்தினான். அலை முழுசாக வந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தான். செத்தது. வலப்பக்கம் கொண்டுபோனான். வந்தது. அலை செத்த அந்த இடத்துக்கு ஓர் அகலம் இருந்தது. தோள் அகலம். மெதுவாக மேலே தூக்கினான். இன்னும் மேலே. அவன் மார்பு உயரம் வந்ததும் கோடு ஒரே தாவலில் உச்சிக்குப் போனது.

அந்த உயரத்தில் தலை முடிகிறது.

அவன் அசையாமல் நின்றான். கை அசையவில்லை, லேப்டாப் அசையவில்லை. கோடு மட்டும் மறுபடி கீழே விழுந்தது.

உட்கார்ந்திருந்தவர் எழுந்து பார்க்கிறார்.

கற்பூரத் தைல வாசனை வந்தது. அதோடு, ஒபிரி ஓயாமல் மென்ற கோலாக்கொட்டையின் கசப்பு வாசனை. காதுக்கு மிக அருகில் கொட்டையைக் கடிக்கும் ஓசை.

கடக்.

"லூஸ் கனெக்‌ஷன்," என்றான் பெதியாக்கோ. லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு நடைக்கு வந்தான். ஸ்டூலைச் சாய்த்துவிட்டு வந்திருக்கலாம். தொடக் கை வரவில்லை.

செர்வா தண்ணீரோடு வந்தாள். "ஆச்சாண்ணா?"

"ஆச்சு." அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு ஒரு மூட்டை சிமெண்டைத் தூக்குகிற பலம் வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு வானம் கரிச்சட்டி கவிழ்த்தாற்போல் இருண்டது. பேட்டை முழுக்க மின்சாரம் போனது. சின்ன பேட்டரியின் தயவில் ரவுட்டர் மட்டும் கண் விழித்திருந்தது. பெதியாக்கோ நடையில் நின்று, ஜன்னல் பட்டைகளின் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். செர்வா முகத்தில் திரையின் நீல வெளிச்சம். அவள் முதுகுக்குப் பின்னால் சுவர், படம், பச்சைக் கண்கள், ஸ்டூல்.

லேப்டாப்பிலிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள். மேஜையைக் காட்டச் சொன்னாள்.

"அறையில வேற யாரும் இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கும்மா."

"நான் மட்டும்தான் இருக்கேன் மேடம்."

"உங்க பின்னால உட்கார்ந்திருக்கிற பெரியவரை வெளிய போகச் சொல்லுங்க."

செர்வா திரும்பவில்லை.

"அங்க... யாரும் இல்ல மேடம்."

"தோள்ல துணி போர்த்தியிருக்காரே. எதையோ மென்னுட்டு..."

குரல் அறுந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

மன்னிப்பு முடிந்தது. இனி ஒன்று அறுந்தால் எல்லாம் போச்சு.

பெதியாக்கோ உள்ளே ஓடினான். யோசித்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்ததால் யோசிக்காமல் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தான். அது அசையவில்லை. இரண்டு கைகளாலும் தள்ளினான், தோளைக் கொடுத்தான். சும்மா இருக்கும்போது ஒரு குழந்தை இடுப்பில் தூக்கிப் போகிற மரம். அன்று பன்டாமாவையே அதன் மேல் அடுக்கி வைத்தாற்போல் கனத்தது.

உட்காரும் குழிவில் அவன் உள்ளங்கை பட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது.

"சாய்ச்சு வைக்கச் சொன்னேனே," என்று கிசுகிசுத்தாள் செர்வா.

"எழுந்திருக்கச் சொல்லு. உன் மாமாதானே."

"மாமா," என்றாள் அவள், சுவரைப் பார்க்காமலே. "எனக்குப் பரீட்சை. கொஞ்சம் எழுந்துக்குங்க மாமா."

கடக். மென்றுகொண்டிருந்தார்.

செர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உயிரோட இருந்தப்பவே சாப்பிடக் கூப்பிட்டா எழுந்திருக்க மாட்டார். யாராவது செத்தாக்கூட மெதுவாத்தான் எழுந்துப்பார். டாமிக் காய் அறையிற சத்தம் கேட்டா மட்டும் ஓடுவார்."

பெதியாக்கோ மாமரத்தடிக்கு ஓடினான். பெண்கள் மழைக்குப் பயந்து உள்ளே போயிருந்தார்கள். தவியா காய்களைப் பொறுக்கிப் பையில் போடப் போனார்.

"பெரியவரே, கூப்பிடுங்க அவரை. ஆட்டத்துக்குக் கூப்பிடுங்க."

"யாரை?"

"ஒபிரியை. உள்ள ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கார். பொண்ணு பரீட்சை போகப் போகுது."

தவியாவின் நீண்ட கைகள் சுருங்கின. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ சொந்த ஊருக்குக் கிளம்பிப் போனது.

"தம்பி," என்றார் மெல்லிய குரலில், "நான் சும்மா சொன்னேன்டா. பொழுது போகாம சொன்னது. செத்தவனோட எவன் ஆடுவான்?"

"தினமும் ஆடுறேன்னீங்க."

"தினமும் உட்கார்றேன். அவ்வளவுதான். வேற எங்க போய் உட்கார்றது நான்?"

பெதியாக்கோ அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் காயைத் திணித்தான். "அந்தப் பொண்ணு உங்க மடியில வளர்ந்தது. அறைங்க."

கிழவர் செர்வாவின் ஜன்னலைப் பார்த்தார். காலி பெஞ்சைப் பார்த்தார். காயைத் தூக்கி, பலகை அதிர ஒரே அறை.

டப்.

"ஒபிரி," என்று கத்தினார். குரல் இரண்டாகக் கிழிந்திருந்தது. "கோழைப் பயலே. பாதி ஆட்டத்துல எழுந்து போனவன்தானே நீ. வாடா, வந்து வாங்கிக் கட்டிக்க."

காற்று நின்றது. மாமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பெதியாக்கோ கையிலிருந்த போனைப் பார்த்தான்; செர்வா வீட்டு வைஃபையில்தான் இருந்தது.

அறைக்குள் ஸ்டூல் முனகியது.

நடைத் திரைச்சீலை உள்ளிருந்து வெளியே புடைத்து, வழி விட்டு, தொங்கியது. போனில் அலைக்கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தைல வாசனை அவன் முகத்தை உரசிக் கடந்தது. கோடுகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

எதிரே பெஞ்சுப் பலகை, நடுவில், ஒரு விரற்கடை தாழ்ந்தது.

பெதியாக்கோ அறைக்குள் பாய்ந்து ஸ்டூலைத் தொட்டான். பூ மாதிரிச் சாய்ந்தது. செர்வாவின் திரையில் வட்டம் மறைந்து, அந்த அம்மாளின் குரல் வந்தது. "போயிட்டாரா? நல்லது. ஆரம்பிங்க."

அவன் திரும்பி வந்தபோது தவியா மூச்சு விடாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கறுப்புக் காய் தன் கட்டத்தில் லேசாக ஆடியது. எழுந்தது.

டப்.

"ஐயோ," என்றார் தவியா. கிசுகிசுப்பாக.

"ஆடுங்க."

"தம்பி, ஒரு உண்மை சொல்லட்டுமா. அவனை நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லடா. இந்த ஆட்டமும் அவன் ஆட்டம்தான். சீக்கிரமே முடிச்சுடுவான்."

ஆட்டம் முடிந்தால் ஒபிரி எழுவார். எழுந்தால் வீட்டுக்குத்தான் போவார். ஸ்டூல் சாய்ந்திருக்கிறது, உட்கார இடமில்லாமல் பெட்டிக்கும் பெண்ணுக்கும் நடுவே நடப்பார்.

"இழுங்க," என்றான் பெதியாக்கோ. "வாழ்க்கை முழுக்க இழுத்தீங்களே கம்பி, அந்த மாதிரி இழுங்க."

மழை இறங்கியது. பெதியாக்கோ ஒரு பழைய தார்ப்பாயைப் பலகைக்கு மேல் தலையால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று பன்டாமாவில் பெய்த மழையில் கோழிகள் நீச்சல் கற்றுக்கொண்டன என்பார்கள். தார்ப்பாய்க்குள் அதெல்லாம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

டப்.

பதிலுக்கு, நெடுநேரம் கழித்து, தவியாவின் டப்.

கிழவர் மூக்கைச் சிந்தினார், தலையைச் சொறிந்தார், காயைத் தூக்கி மறுபடி வைத்தார், இருமினார். நாக்கு பழக்க தோஷத்தில் நக்கலும் அடித்தது. "செத்தும் உனக்கு அவசரம் போகலயா? சவப்பெட்டிக்காரன் வாடகை கேக்குறானா?" சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். எதிரே காற்று கொஞ்சம் குலுங்கினாற்போல் இருந்தது. சிரிப்பா, கோபமா, சொல்ல முடியாது.

வெள்ளைக் காய்கள் ஒவ்வொன்றாகப் பலகையை விட்டுப் போயின. அவற்றை எடுத்து அடுக்கிய விரல்கள் தெரியவில்லை. ஒபிரி அடுக்குகிற மாதிரியே, ஒன்றன் மேல் ஒன்றாக, கோபுரமாக, பெஞ்சு ஓரத்தில்.

கடைசியாக ஒரே ஒரு வெள்ளைக் காய் மூலையில் மாட்டிக்கொண்டு நின்றது. தவியா அதன் மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை.

பலகைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குளிர் நகர்ந்து வந்து அந்த விரலின் மேல் அமர்ந்தது. தவியாவின் விரல் நகம் வெளுத்தது. ஓர் அழுத்தம், பொறுமையாக, பழைய நண்பனுக்கே உரிய உரிமையோடு, அவர் கையைக் காயோடு சேர்த்து நகர்த்தத் தொடங்கியது.

அப்போது நடைக் கதவு திறந்தது.

"முடிஞ்சுது," என்றாள் செர்வா. மழையில் நனைந்துகொண்டே நின்றாள். "அப்புறம் ஒரு தடவைகூட அறுந்து போகல. அனுப்பிட்டேன்."

டப்.

கடைசிக் காய் பலகையிலிருந்து தானே எழுந்து கோபுரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

செர்வா தேறிவிட்டாள். அக்ராவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் முற்றத்தில் எல்லோருக்கும் நிலக்கடலைக் குழம்பும் ஃபுஃபுவும். மரவள்ளி சீவும் பெண்கள் தவியாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு அரைகுறையாகச் செய்தி எட்டியிருந்தது.

"சொல்லுங்க பெரியவரே. ஒபிரியை அன்னிக்கு எத்தனை காயில தோக்கடிச்சீங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் நடக்கல," என்றார் தவியா தட்டைப் பார்த்தபடி. "செத்தவன் எங்கயாவது டாமி ஆடுவானா? நான் அடிச்சுவிட்ட கதை. வயசானவன் உளறல்."

அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரே அடக்கமான வார்த்தை அது. அதுவும் பொய்.

ஒருத்தி பெதியாக்கோ பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் பேயே கிடையாதே. லூஸ் கனெக்‌ஷன்தானே?"

பெதியாக்கோ தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தான். அவன் கடையில் இப்போது எல்லா ஸ்டூலும் ஒருக்களித்துக் கிடக்கின்றன. பிளாஸ்டிக் நாற்காலியைக்கூடக் கவிழ்த்துத்தான் போடுகிறான். செர்வா அறை ஸ்டூலையும் அன்று முதல் அவனே வந்து சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகிறான். சாய்க்க முடியாதது ஒன்றே ஒன்று. அந்த மாமரத்தடி பெஞ்சு. அது வேரோடு ஆணி அடித்தது.

மடியில் இருந்த போனைப் பார்த்தான். அலைக்கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கற்பூரத் தைல வாசனை குழம்பு வாசனையைத் தள்ளிக்கொண்டு வந்தது. பெஞ்சுப் பலகை மெல்லத் தாழ்ந்தது.

யாரும் பார்க்கவில்லை. தவியா மட்டும் சாப்பிடுவதை நிறுத்தி, கை கழுவி, பையிலிருந்து காய்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை புது ஆட்டம். கறுப்பை எதிர்ப்பக்கம் வைத்தார்.

"நடந்துச்சு," என்றான் பெதியாக்கோ. "நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். செத்தவர் வந்தார், உட்கார்ந்தார், ஆடினார். பெரியவர் முன்னாடி சொன்னது எல்லாம் நிஜம். ஜெயிச்சேன்னு சொன்னாரே, அது ஒண்ணுதான் பொய்."